துணைக்கு ஒரு எட்டு

ஆலப்பாக்கம் தாண்டியதும் எனக்குக் கண் சொக்கிவிடும். கடலூரில் வேலை, சிதம்பரத்தில் வீடு. தினமும் பஸ்ஸில்தான் என் பாதித் தூக்கம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் உப்பங்கழிக் காற்று வந்து முகத்தைத் தடவும். சவுக்குத் தோப்புகள் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அரைத்தூக்கத்தில் ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், வருஷங்களும்தான். புதுச்சத்திரத்தில் யாராவது கருவாட்டுக் கூடையோடு ஏறினால் போதும், கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். திறந்து பார்த்தால் வேறு யாரோ. அவரைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. காரைக்கால் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பேரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அத்தனை தடவை எழுதி, அதற்காக மேலிடத்தில் வாங்கியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதியவரை போதும்.

நான் நர்ஸ். அப்போது சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பெண்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் அறையில் இருந்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பப்பை வாயையும் மார்பையும் இலவசமாகப் பார்ப்போம். ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, ஒரு விளக்கு, நான். சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவைக் கூப்பிடுவேன். சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டினோம், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். டவுன் பெண்கள் நாலு பேர் வருவார்கள். பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கிற மீனவ ஊரான கிள்ளையிலிருந்து ஒரு ஈ காக்கா வராது. வந்தால், எல்லாம் முற்றிப்போய், புண்ணாகி, நாலு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இத்தன நாளா என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்று கத்துவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் வருவதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை, அந்த அம்மா வரும்வரை.

அவர் கிள்ளைக்காரர். கருவாடு விற்பவர். கூடையோடு பஸ் ஏறிப் புவனகிரி, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை என்று சுற்றுவார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், வெற்றிலை போட்ட வாய், கணுக்கால் தெரியக் கட்டிய புடவை. தலையில் கூடை இல்லாதபோதும் கழுத்து ஆடாமல்தான் நடப்பார். கருவாட்டுக்காரிக்கு எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் திறக்கும். ஆண்கள் இல்லாத நேரத்தில், அடுப்படிப் பக்கத்தில் குந்திக்கொண்டு, பெண்கள் அவரிடம் என்னென்னவோ சொல்வார்கள். எங்கள் மைக்கால் போக முடியாத இடம் அது.

முதல் முறை வந்தபோது கூட ஒரு பெண் இருந்தாள். நான் ரெண்டு பேரில் யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சிஸ்டர். ரொம்பப் பயமா இருக்கு. இவ பாவம், எனக்குத் துணைக்கு வந்தா."

கட்டிலில் படுத்தவர் அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நான் கிட்டே போவதற்கு முன்பே முனக ஆரம்பித்தார். அந்தப் பெண் அவர் நெற்றியைத் தடவி, "ஒண்ணும் ஆவாது யக்கா, கண்ண மூடிக்க" என்று தேற்றினாள். முடித்தேன். எழுந்து உட்கார்ந்தவர் திரையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சா? இவ்ளோதானா? இதுக்கா இம்மாம் பயந்தேன்." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "வந்ததுதான் வந்தோம். நீயும் ஒரு எட்டு படுத்து எழுந்துரு. சிஸ்டரு சும்மாதான இருக்காங்க."

அந்தப் பெண்ணும் படுத்தாள். இப்போதுதான் அடுத்தவளுக்குத் தைரியம் சொன்னவள், தான் மட்டும் எப்படி மாட்டேன் என்பாள்?

அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார். வேறொரு பெண். அதே பயம், அதே முனகல். எனக்கு லேசாகப் பொறி தட்டியது. மூன்றாவது வாரம் ரெண்டு பெண்களோடு வந்து, "எனக்குத்தான் சிஸ்டர், ரொம்பப் பயமா" என்று ஆரம்பித்தபோது, தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"ஏம்மா, என்ன விளையாட்டு இது? போன வாரந்தானே பார்த்தேன் உன்னை?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். "தன் ஒடம்புக்குன்னா எவளுக்கும் நேரங் கெடையாது சிஸ்டர். நண்டு ஒடைக்கப் போவணும், புள்ளைக்குச் சோறு கட்டணும். புருஷங்காரன் கேப்பான், ஒனக்கு என்ன கேடுன்னு. ஆனா இன்னொருத்தி, பயமா இருக்குடி துணைக்கு வான்னா, அடுப்ப அணைச்சிட்டு வந்துருவா. புருஷனும் போயிட்டு வாம்பான். துணைக்குப் போவலன்னா ஊரு காறித் துப்பும்ல."

இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. வா என்று கூப்பிட்டால் வராத ஊர், கூட வா என்றால் வருகிறது. நான் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான் சிரித்து அன்றுதான் பார்த்ததாக ஆயா சொன்னாள்.

எல்லா நாளும் அப்படிச் சிரித்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் வீடு மேல வீதியில். மீன் வாசனையே ஆகாத குடும்பம். ஒரு நாள் அவரோடு வந்த பெண் கூலிக்கு நண்டு உடைத்துச் சதை எடுக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். "குளிச்சிட்டு வரக் கூடாதாம்மா?" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைப்பு. அந்தப் பெண் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மாவும் அவள் பின்னாலேயே போனார். அடுத்த வாரம் அதே பெண்ணையும் சேர்த்து ஐந்து பேரைக் கூட்டிவந்தார். கருவாட்டுக் கூடையையும் அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். எல்லார் மேலும் ஒரே வாடை.

"இன்னிக்கு எந்த வாடை யாருதுன்னு தெரியாது சிஸ்டர்," என்றார். "எல்லாருக்கும் பாத்துருங்க."

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த நண்டுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் வெள்ளைத் திட்டு இருந்தது. ஆரம்பக் கட்டம். டாக்டரம்மா அன்றைக்கே சிகிச்சை கொடுத்து அனுப்பினார். போன வாரத்தோடு அவள் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கிள்ளையில் முகாம் போட்டபோது அவர் என்னைப் படகில் கூட்டிப்போனார். முகாம் முடிந்த மத்தியானம். வெயில் தண்ணீரில் விழுந்து அலையலையாகக் கண்ணைக் கூசவைத்தது. ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு நின்றன. துடுப்புப் போடுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவுமில்லை. கரை எது, தண்ணீர் எது, மரத்தின் நிழல் எது என்று தெரியாத ஓர் இடத்தில் படகு தானாக நின்றது. அவர் தூரத்தில் கரைமேல் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார்.

"அந்த வூட்டுல ஒருத்தி இருந்தா சிஸ்டர். எனக்குப் பக்கத்து வூடு. மாருல புண்ணு. மஞ்சத் துணிய சுத்திச் சுத்தி மறைச்சே வெச்சிருந்தா. எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆசுபத்திரிக்கு வா வான்னு நானும் ஆயிரந்தபா கூப்புட்டேன். வரல." கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தார். "அவ செத்தப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. எனக்கு ஒடம்பு சரியில்ல, துணைக்கு வாடின்னு கேட்டிருந்தா வந்திருப்பா. நான் கேக்கல."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த மத்தியானம் மட்டும் எனக்கு இன்னும் முடியவே இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடினால் படகு அங்கேதான் நிற்கிறது.

பதிவேட்டு விவகாரம் அதற்குப் பிறகு வந்தது. ஓ.பி. சீட்டு வாங்கினால் பேர் எழுதியாக வேண்டும். வாராவாரம் ஒரே பேர், ஒரே ஊர், ஒரே வயது. கடலூரில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி என் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரே பொம்பளைக்கு இத்தனை தடவையா, ஆள் வராமலே பேர் எழுதுகிறீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். உட்காருங்கள் என்றார். கடலூரிலிருந்து வரும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவேன்? மறு செவ்வாய் அவரிடமே காட்டினேன்.

"இனிமே உனக்குச் சீட்டு கிடையாது. உன்னை நான் பார்க்கவும் மாட்டேன். கூட்டிட்டு வா, அவங்களைப் பார்க்கறேன், அவ்வளவுதான்."

"நான் படுக்கலன்னா அவளுங்க படுக்க மாட்டாளுங்களே சிஸ்டர்," என்றார்.

அதுவும் சரிதான். ஒரு வழி கண்டுபிடித்தேன். மார்பை எப்படித் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வது என்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கு அவரைப் படுக்கவைப்பது. சீட்டு வேண்டாம், பேர் வேண்டாம். அவர் ரவிக்கையைத் தளர்த்திப் படுத்துக்கொள்வார். நான் அவர் மார்பில் கை வைத்து, சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்துச் சொல்வேன். "விரல் நுனியால இல்ல, விரலோட அடிப்பக்கத்தால. இப்படி வட்டமா. அக்குள் வரைக்கும். பார்த்துக்கிட்டீங்களா?" அவர்கள் முகத்தில் புரிகிறதா என்று பார்ப்பேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மெல்வார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கூட்டம் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பெருமை வேறு.

லால்பேட்டையிலிருந்து அவர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தது அப்போதுதான். முப்பத்தைந்து வயதிருக்கும், கணவர் துபாயில். அந்த அம்மாவை லாத்தா என்று கூப்பிடுவாள். லால்பேட்டை முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான். நான் செய்துகாட்டி முடித்ததும் மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். இவள் நகரவில்லை.

"நானும் ஒரு தடவை செஞ்சு பாக்கவா சிஸ்டர்? எங்க தெருவுல போயிச் சொல்லித்தரணும்ல."

செய் என்று நகர்ந்து நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஓதுகிற மாதிரி உதட்டுக்குள் முணுமுணுத்தபடி, அவர் இடது மார்பை வட்ட வட்டமாகத் தடவிக்கொண்டே போனாள். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே நின்றாள்.

"சிஸ்டர், இங்கன ஒண்ணு இருக்கு. இதுதான் நீங்க சொன்ன கட்டியா?"

"அது விலா எலும்பு. எல்லாருக்கும் இருக்கும். சரியா அமுத்து," என்றேன். நான் அடுத்த பெண்ணின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மறுபடி தொட்டாள். "எலும்பு நகருமா சிஸ்டர்?"

சீட்டைக் கீழே வைத்தேன். கை வைத்தேன். கொட்டைப்பாக்கு அளவுக்கு, கெட்டியாக, விரலுக்குக் கீழே நழுவியது. நேற்று முளைத்ததல்ல அது. எல்லாரையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"தை மாசத்துலேர்ந்து தட்டுப்படுது சிஸ்டர்."

அப்போது ஆடி நடந்துகொண்டிருந்தது.

"ஏம்மா சொல்லல? ஊருக்கெல்லாம் சொல்றியே, உனக்குத் தெரியாதா?" மறுபடியும் அதே கத்தல்.

அவர் படுத்தபடியே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான் வாராவாரம் கை வெச்சிப் பாக்குறீங்களே. ஒண்ணுன்னா சொல்லமாட்டீங்களா? சிஸ்டரு கையே ஒண்ணுஞ் சொல்லல, நமக்கு ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தையிலிருந்து ஆடி வரை எத்தனை செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றிலும் என் விரல்கள் அதன்மேல் போயிருக்கின்றன. போயும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அந்த அறைக்கு எல்லாரையும்விட அதிகமாக வந்தவர் அவர். யாரும் பார்க்காமல் போனதும் அவரைத்தான். ஒரு டவுன் பெண்மணி சீட்டு வாங்கிக்கொண்டு வந்து படுத்திருந்தால் இப்படிக் கை வைத்திருப்பேனா? மாட்டேன்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து, பிறகு கதிர்வீச்சு. நோய் இருக்கிற ஊருக்கும் மெஷின் இருக்கிற ஊருக்கும் நடுவே மூன்று பஸ். கூட ஆள் இல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர் கூட்டிவந்த பெண்கள் ஆளுக்கு ஒரு நாளாக முறை வைத்துப் போய்வந்ததாக லால்பேட்டைப் பெண் சொன்னாள். அந்த நண்டுப் பெண் ஐந்து நாள் போனாளாம்.

நான் ஒரு நாள்கூடப் போகவில்லை.

போயிருக்கலாம். லீவு இருந்தது, பஸ் இருந்தது, கால் இருந்தது. முகம் இல்லை. நான் செய்ததெல்லாம் கடலூருக்கு மாற்றல் எழுதிக் கேட்டதுதான். கிடைத்தது. தடுப்பூசி மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கிற ஓர் அறையைக் கொடுத்தார்கள். யாரையும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் நான் தொட்டதெல்லாம் குப்பிகளையும் ஐஸ் பெட்டிகளையும்தான்.

அங்கேதான் ஒரு நாள் அவர் வந்தார். மத்தியானம், சாப்பாட்டு நேரம். குளிர்பெட்டிகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன, நான் அந்தச் சத்தத்திலேயே கண் அயர்ந்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. தலைமுடி குட்டையாக, சுருளாக முளைத்திருந்தது. பாதி உடம்பாகத்தான் இருந்தார். கழுத்து மட்டும் அதே மாதிரி ஆடாமல் இருந்தது. கனவு என்றே நினைத்து நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சிஸ்டர், ஆள மறந்துட்டீங்களா?"

எழுந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "யாரோட வந்தீங்க?"

"தனியாத்தான் வந்தேன். யாருகிட்டயும் சொல்லல." உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கதவு தாப்பா போடலாமா?"

"எதுக்கு?"

"இந்தாண்டப் பக்கம் பாக்கணும்," என்று வலது தோளைக் காட்டினார். "ஒரு வாரமா என்னவோ மாதிரி இருக்கு. இருக்கா இல்லியான்னு தெரியல. தூக்கம் புடிக்கல."

"புதுச்சேரியில பார்ப்பாங்களே. மெஷின்லயே தெரிஞ்சிடும்."

"அங்க போறதுக்கு இன்னும் நாளு இருக்கு. பாப்பாங்க, நல்லாத்தான் பாக்குறாங்க. நீங்க பாருங்க."

எத்தனையோ நாள் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் ஒன்றுகூட வரவில்லை. "என் கையையா நம்பறீங்க? இந்தக் கையாலதானே உங்களுக்கு இவ்வளவும்? என்னை ஒரு வார்த்தை திட்டவாவது திட்டுங்க."

அவர் ஏற்கெனவே மருந்து வைக்கும் பெஞ்சியில் ஏறிப் படுத்துவிட்டார். தலைப்பை விலக்கினார். இடது பக்கம் தட்டையாக, நீளத் தழும்பு. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"தோ, இதான்," என்றார். "அப்பவும் இப்பிடித்தான் மூஞ்ச அந்தாண்ட வெச்சிருந்தீங்க. கையி மேல நான் குத்தமே சொல்லல சிஸ்டர். என்னப் பாத்துக்கிட்டுப் பாருங்க."

கதவைத் தாழ்போட்டேன். குளிர்பெட்டியைத் தொட்ட கை சில்லிட்டிருந்தது. ரெண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தபடி கை வைத்தேன். கண்ணோரத்தில் ஒரு மச்சம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் உதடு நடுங்கியது. நான் பார்த்த அத்தனை செவ்வாய்க்கிழமைகளில் அவர் நடித்த பயத்தில் ஒரு துளிகூட இந்தப் பயம் மாதிரி இல்லை. வட்டம் வட்டமாக, மேலிருந்து கீழே, அக்குள் வரை, கழுத்தெலும்புக்கு மேல்வரை போனேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். போங்கள் என்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "நிஜமாவே ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். தலைப்பை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தபா பாருங்க சிஸ்டர்," என்றார்.

முதலிலிருந்து பார்த்தேன்.